என் வயிற்றுத் தையலும் மணியக்காரர் வீட்டுத் தையலும்

எங்கள் ஊர் மணியக்காரர் பொய் சொல்கிறார். தெரியாமல் அல்ல, தெரிந்தே சொல்கிறார்.

போன ஆடியில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய அன்று ஊரே கூடியிருந்தது. அப்போது எல்லார் காதிலும் விழும்படி அவர் சொன்னது இது: "பட்டணத்து ஆஸ்பத்திரியில ஏழைப் பொம்பளைங்க வயித்த அறுத்து அறுத்துத்தான் டாக்டருங்க தொழில் கத்துக்கிறாங்க. அறுத்துப் பெத்தவ அதோட பாதிப் பொம்பளை. ஒரு குடம் தண்ணி தூக்க மாட்டா. மானமுள்ள குடும்பம் அந்தப் பக்கம் போவாது."

சொல்லும்போது என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கூழ்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்தப் பானையை அடுப்பிலிருந்து இறக்கியவளே நான்தான். ஒருவராவது அதைச் சொல்வார்கள் என்று பார்த்தேன். எல்லாரும் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

என் பெயர் நாகம்மா. ஊர் திருமுல்லைவாயிலுக்கு மேற்கே. ஊர் பெயரை எழுதவில்லை, படிக்க வேண்டியவருக்குத் தெரியும். பாதிரிமார் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தேன். எனக்கு நயமாக எழுத வராது. என் நாத்தனார் கன்னியம்மா இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் வீட்டில் பெற்றால் பிழைக்க மாட்டாள் என்று பட்டணத்து டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். மணியக்காரர் பேச்சைக் கேட்டுக்கொண்டு அவள் புகுந்த வீட்டார் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டோம் என்கிறார்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன். என் வயிற்றை நான்கு பேருக்குக் காட்ட எனக்கு ஆசை இல்லை.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தாய்வீடும் புகுந்த வீடும் ஒரே ஊர், நடுவில் ஒரு தெருதான். தலைப்பிரசவம் என்பதால் அம்மா வீட்டில் இருந்தேன். கார்த்திகை மாதம், நல்ல மழை. ஒரு பகல் முழுக்க வலித்தது. ராத்திரியும் வலித்தது. மருத்துவச்சி விளக்கெண்ணெய் தடவினாள், நடக்கச் சொன்னாள், உட்காரச் சொன்னாள். கடைசியில் கையைக் கழுவிக்கொண்டு, "என் கையால ஆவாதும்மா, பட்டணம் இட்டுக்கினு போங்க" என்றாள். கிழக்குத் தெருவில் அதற்கு முந்தின வருஷம் ஒருத்தி இப்படியே வலித்துச் செத்தாள். ஊரில் அதற்கு அம்மன் கோபம் என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்று கத்தினேன்.

என் புருஷன் ஏழுமலை அப்போது மணியக்காரரின் செங்கல் சூளையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் வில்வண்டி கேட்கப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"இன்னாச்சு?" என்றாள் அம்மா.

"வலிக்காரிய ஏத்தினா வண்டிக்குத் தீட்டாம். மாட்டுக்கும் ஆவாதாம்."

"அப்போ இன்னா பண்றது?"

"சூள வண்டிய பூட்டிக்கினு வந்துட்டேன் அத்தே. செங்கல்லுக்கு ஏது தீட்டு?"

விடியும் நேரத்தில் என்னைச் செங்கல் வண்டியில் வைக்கோல் போட்டுப் படுக்கவைத்து ஆவடி ஸ்டேஷனுக்கு ஓட்டினார். மேலே தார்ப்பாய், கீழே செங்கல் தூள். மழையில் அது கரைந்து என் புடவையெல்லாம் சிவப்பு. ஸ்டேஷனில் பார்த்தவர்கள் எல்லாம் ரத்தம் என்று நினைத்து வழி விட்டார்கள். அந்த ஒரு உபகாரம் அந்தச் சூளை எனக்குச் செய்தது.

பெண்கள் பெட்டியில் கீரைக்காரிகள், பட்டணத்துக்குச் சந்தைக்குப் போகிறவர்கள். ஒரு கீரைக்காரம்மா தன் கூடையைக் கீழே தள்ளி எனக்கு இடம் பண்ணினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏண்டி வாய மூடிக்கினு கீற? இது உங்க மாமியார் ஊடா? ரயிலுடி. நல்லா கத்து!"

கத்தினேன். பெட்டியே சேர்ந்து கத்தியது. ஒருத்தி சொன்னாள்: "ரயில்லியே பெத்துடாத தாயி. புள்ளைக்குத் தனியா டிக்கெட்டு கேப்பான்." அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சென்ட்ரலில் இறங்கியதும் இரண்டு பேர் தங்கள் கூடையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு என்னை ஜட்கா வரைக்கும் தூக்கிவந்தார்கள். அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. இதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டால், நான்தான் அந்தச் சிவப்புப் புடவை என்று தெரிந்துகொள்ளட்டும். உங்கள் கீரை நன்றாக விற்கட்டும்.

பெண்கள் ஆஸ்பத்திரியின் வெளித் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். என்னைப் போல வரிசையாகப் பலர். ஒருத்தி நடந்துகொண்டே இருந்தாள், ஒருத்தி தூணைக் கட்டிப்பிடித்திருந்தாள். ஆயா ஒருத்தி வந்து "யாருக்கு ஜாஸ்தி?" என்று கேட்டாள். எல்லாரும் கை தூக்கினோம். என் புடவையைப் பார்த்துவிட்டு என்னை முதலில் உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். செங்கல் தூள் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் முறைக்கு இன்னும் காத்திருக்க வேண்டும்.

டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், குழாயை வைத்துக் குழந்தையின் நாடியைக் கேட்டார், என் இடுப்பை அளந்தார். பிறகு எனக்குப் புரியும்படி சொன்னார். குழந்தை வெளியே வரும் வழி இடுப்பெலும்புக்கு நடுவில் இருக்கிறது. என் எலும்பு குறுகல். குழந்தையின் தலை அதற்குள் இறங்கவே இல்லை. இன்னும் காத்திருந்தால் கருப்பை கிழியும், இரண்டு உயிரும் போகும். சிசேரியன் செய்ய வேண்டும். சிசேரியன் என்றால் மயக்க மருந்து கொடுத்து, அடிவயிற்றைக் கீறி, கருப்பையைக் கீறி, குழந்தையை வெளியே எடுத்துவிட்டுத் திரும்பத் தைத்துவிடுவது. அவ்வளவுதான். பேய், பூதம் எதுவும் அதில் கிடையாது.

"சம்மதம் யார் சொல்வது?" என்று கேட்டார்.

இந்த இடத்தில்தான் நான் சாக இருந்தேன். நோயால் அல்ல, மரியாதையால்.

ஏழுமலை கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "தலப்பிரசவம் தாய்ஊட்டுப் பொறுப்புங்க. அத்தைய கேளுங்க. அவங்கள மீறி நான் சொல்லக் கூடாது."

அம்மா தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னாள்: "கட்டினவரு நிக்கசொல்ல நான் இன்னா சொல்றது? அவரு பொருள். மாப்பிள்ளைய கேளுங்க."

"நீங்க சொல்லுங்க அத்தே."

"ஐய, நீங்க சொல்லுங்க மாப்பிள்ளே."

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். பெண் தாய்வீட்டில் பெற வேண்டும், ஆனால் பெண் புருஷன் வீட்டுச் சொத்து. நல்லபடியாகப் பிறந்தால் இரண்டு வீடும் சர்க்கரை கொடுக்கும். கெட்டது நடந்தால் நீதான் சொன்னாய் என்று ஒரு வீடு மற்ற வீட்டை ஆயுசுக்கும் குத்திக் காட்டும். அதனால் இரண்டு பேரும் முந்தமாட்டார்கள். எத்தனை பெண்கள் இந்த நீங்க-நீங்கவுக்கு நடுவில் செத்தார்களோ! டாக்டரம்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அடுத்த வலி வந்தது.

"அறுங்கம்மா!" என்று கத்தினேன். "வயிறு என்னுது! இவுங்க ரெண்டு பேரும் வெளியில போயி சண்ட போட்டுக்கட்டும்!"

டாக்டரம்மா சிரித்தார். ஏழுமலை உடனே "அதான், அவ சொன்னா சரிங்க" என்றார். அம்மாவும் "ஆமாங்க, அவளே சொல்லிட்டா" என்றாள். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி.

மேசையில் படுக்கவைத்து மூக்கின்மேல் வலைமூடி வைத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். அழுகின பழ வாடை. "ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இரு" என்றார்கள். நான் எண்ணவில்லையாம். மணியக்காரரை, அவர் வில்வண்டியை, அவர் மாட்டை, அந்த மாட்டின் முப்பாட்டனை எல்லாம் திட்டிக்கொண்டே தூங்கிப்போனேனாம். இது பிறகு சிஸ்டர் சொல்லித் தெரிந்தது.

கண் விழித்தபோது வயிற்றில் நெருப்பு. பக்கத்துத் தொட்டிலில் என் மகள். தலைமயிரோடு, கோபத்தோடு, எங்கள் அம்மாவின் மூக்கோடு. ஏழுமலை எட்டிப் பார்த்துவிட்டு, "செங்கல்லு மாதிரி செவப்பா கீதுடி" என்றார். இன்றைக்கும் அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்.

வலியைவிடத் தாகம்தான் பெரிய கொடுமை. குடலுக்கு ஓய்வு வேண்டும் என்று தண்ணீர் தரமாட்டார்கள். ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைப்பார்கள். நான் பஞ்சைக் கடித்து உறிஞ்சினேன், சிஸ்டர் அடிக்க வந்தாள். பிறகு காய்ச்சல் பயம். தையலில் சீழ் பிடித்தால் காய்ச்சல் வரும், அதில்தான் பலர் போய்விடுவார்களாம். காலையும் மாலையும் கண்ணாடிக் குச்சியை நாக்கின் கீழ் வைத்துப் பார்ப்பார்கள். எனக்கு இரண்டு நாள் ஏறியது. பெரிய வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். யுத்தத்தில் குண்டடி பட்ட சிப்பாய்களுக்குக் கொடுக்கிற மாத்திரையாம். பேறுகாலமும் யுத்தம்தானே என்றேன். இறங்கிவிட்டது.

இலவச வார்டு என்பதை நம்பி யாரும் வெறுங்கையோடு போகாதீர்கள். ஆயாவுக்கு வெற்றிலைக்குக் கொடுக்காவிட்டால் படுக்கைச் சட்டி வராது. அதையும் சொல்லிவிடுகிறேன், ஆஸ்பத்திரி என்றால் கோயில் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் அந்த நாட்களைப் போலச் சந்தோஷமாக நான் இருந்ததே கிடையாது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாகப் பகலில் படுத்திருந்தேன். யாரும் எழுப்பவில்லை. ரொட்டியும் பாலும் படுக்கைக்கே வந்தன. பக்கத்துக் கட்டிலில் பூந்தமல்லியிலிருந்து வந்த ஷரீபா, அத்தர் வியாபாரி பெண்சாதி. அவளுக்கும் அறுவைதான். பார்க்க வருகிற புருஷன்மார் ஒவ்வொருவரும் கட்டில் ஓரத்தில் எப்படி உட்காருவார்கள், குழந்தையை எப்படிப் பயந்து பயந்து தொடுவார்கள் என்று நடித்துக் காட்டுவாள். சிரித்தால் தையல் இழுக்கும். வயிற்றைத் தலையணையால் அமுக்கிக்கொண்டு, "வாண்டாம்டி பாவி, பிரிஞ்சிடும்" என்று கெஞ்சுவோம். அவள் இன்னும் அதிகமாக நடிப்பாள், நடித்துவிட்டு அவளும் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.

அம்மா தினமும் ரயிலேறி வந்தாள். பத்தியக் குழம்பைத் தூக்குச் சட்டியில் போட்டு முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு வருவாள். ஆஸ்பத்திரியில் வெளிச் சோறு கூடாது. ஆனால் பூண்டு வாசனையை எந்த முந்தானை மறைக்கும்? ஒரு நாள் சிஸ்டர் பிடித்துவிட்டாள்.

"இன்னா இது?"

"ஒண்ணும் இல்லம்மா, சாமி பிரசாதம்."

"எந்த சாமிக்குப் பூண்டுக் குழம்பு?"

சிஸ்டர் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். அதற்கப்புறம் அம்மா இரண்டு சட்டி கொண்டுவந்தாள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

எழுந்து நடக்கச் சொன்ன சமயம். ஒரு நாள் காலை, பணம் கட்டுகிற வார்டுப் பக்கமிருந்து ஒரு சின்னப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். பட்டுக்கரைப் புடவை, வெளுத்த முகம். ஒரு கையால் அடிவயிற்றைத் தாங்கியிருந்தாள், எங்களைப் போலவே.

"மயக்க மருந்து குடுக்கும்போது ஒரு மணியக்காரரைத் திட்டினது யாரு?" என்று கேட்டாள்.

வார்டு முழுக்க என்னைக் கை காட்டியது. அவ்வளவுதான், வேலை போச்சு, ஊர் போச்சு என்று நினைத்தேன். அவள் என் கட்டிலில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"நான் அவர் மருமகள், தனபாக்கியம். சிஸ்டர் சொன்னதிலேருந்து உங்களைப் பாக்கணும்னு இருந்தேன். எங்க, இன்னொரு தடவை திட்டுங்க. நான் கேக்கலையே!"

ஷரீபா சிரித்த சிரிப்பில் அவள் தையல் பிழைத்தது ஆச்சரியம்.

தனபாக்கியத்தின் தாய்வீடு பட்டணத்தில். ஊரில் அவள் வீட்டை விட்டு வெளியே வராததால் அதுவரை நான் அவளைப் பார்த்ததில்லை. தலைப்பிரசவத்துக்கு அங்கே வந்திருந்தாள். அவளுக்கும் எலும்பு குறுகல். எனக்கு அறுத்த அதே நாள், அதே மேசையில், அதே டாக்டரம்மா அவளுக்கும் அறுத்து ஆண் பிள்ளையை எடுத்தார். மணியக்காரரே வந்து உட்கார்ந்திருந்தாராம். காலையில் எனக்குத் தீட்டு என்று மறுத்த அதே வில்வண்டியில்தான் ஸ்டேஷனுக்குப் போய் ரயிலேறி வந்திருக்கிறார். டாக்டரம்மா கேட்டதும் "உடனே செய்யுங்க, எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை" என்று சொன்னாராம். நல்ல வேலை செய்தார். அந்தப் பிள்ளை பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம். ஆனால் போகும்போது மருமகளிடம் சொல்லிவிட்டுப் போனாராம்: "ஊர்ல யாருக்கும் தெரியக் கூடாது. சுகப்பிரசவம்னு சொல்லிடுவோம்."

டாக்டரம்மாவிடம் நான் கேட்டேன். எனக்கு ஏன் இப்படி, இவளுக்கு ஏன் இப்படி என்று. நான் எட்டு வயதிலிருந்து பள்ளிக்கூட நேரம் போக மீதி நேரமெல்லாம் சூளையில் கல் சுமந்தவள், கஞ்சிதான் சாப்பாடு. வளருகிற வயதில் தீனி இல்லாமல் சுமை தூக்கினால் உடம்பும் வளராது, இடுப்பும் வளராது என்றார். தனபாக்கியம் பெரியவளானதிலிருந்து அறையை விட்டு வெளியே வராதவள். வெயிலே படாமல் இருந்தால் எலும்பு மிருதுவாகி வளைந்துபோகும் என்றார். என்னை வெயிலில் போட்டு வைத்தார்கள், அவளை வெயில் படாமல் பூட்டி வைத்தார்கள். எங்கள் இரண்டு பேர் இடுப்பும் ஒரே அளவுக்கு வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏழுமலையோடு அவர் தங்கை கன்னியம்மா என்னைப் பார்க்க வந்தாள். அவளுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. சிறு பெண்ணாக இருக்கும்போது மணியக்காரர் சூளையில் அடுக்கின கல் சரிந்து அவள் இடுப்பில் விழுந்தது. அதிலிருந்து ஒரு பக்கம் சாய்ந்து நடப்பாள். டாக்டரம்மா அவள் நடையைப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டுப் பரிசோதித்தார். "நீ எந்தக் காரணத்துக்கும் வீட்டில் பிரசவம் பார்க்கக் கூடாது. உனக்கு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். முன்கூட்டியே வந்துவிடு" என்றார். கன்னியம்மா என் மகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எனக்கும் இதே மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுங்கம்மா" என்றாள், கடையில் கேட்பதுபோல.

நான் வீடு வந்தேன். சூளை வண்டியை எடுத்ததற்காக ஏழுமலைக்கு வேலை போயிற்று. ஆவடியில் மிலிட்டரி டிப்போவில் சேர்ந்தார், இப்போது அங்கே முன்னைவிட நல்ல கூலி. மகள் தவழ்கிறாள். நான் தண்ணீர் தூக்குகிறேன், நாற்று நடுகிறேன், மழை வந்தால் மட்டும் தையல் கொஞ்சம் அரிக்கும். பங்குனியில் மணியக்காரர் பேரனைத் தவில் நாயனத்தோடு ஊருக்குக் கூட்டி வந்தார்கள். சுகப்பிரசவம் என்று சர்க்கரை கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன். வாய் திறக்கவில்லை. அது அவர்கள் வீட்டு விஷயம் என்று விட்டுவிட்டேன்.

ஆடியில் அவர் பேசிய பிறகு அது அவர் வீட்டு விஷயம் இல்லை.

கன்னியம்மாவின் மாமனார் திருநின்றவூரில் ஏரிக்குக் கீழே மணியக்காரர் நிலத்தைத்தான் குத்தகைக்குப் பயிரிடுகிறார். நல்ல மனிதர், பயந்தவர். கன்னியம்மாவின் அம்மா, என் மாமியார், உயிரோடு இல்லை. கன்னியம்மாவுக்குத் தாய்வீடு என்றால் நான்தான். ஐப்பசியில் வளைகாப்பு செய்து பெண்ணை என் வீட்டுக்கு அனுப்ப வேண்டியது முறை. பேசப் போனோம். அவர் தலை குனிந்துகொண்டே சொன்னார்:

"ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவ மாட்டோம்னு கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணுங்க. அப்பதான் வளையல் போட்டு அனுப்புவோம். பெரியவரு அப்பிடி சொல்லசொல்ல நான் மீறினா, நாளைக்கு நெலம் எங்க?"

"பொண்ணு செத்தா?" என்றேன்.

"அவரே சொல்லிட்டா நானே வண்டி கட்டி இட்டுக்கினு போறேன்மா. அவரு வாயால வரணும்."

வெளியே வந்ததும் ஏழுமலை சொன்னார்: "பொய் சத்தியம் பண்ணி இட்டாந்துடலாண்டி. பாவம் எனக்கு வரட்டும்."

எனக்கும் அதில் பயம் இல்லை. ஆனால் கன்னியம்மா வாசலில் நின்றுகொண்டு, "அண்ணி, அப்புறம் எம்புள்ளயத் தூக்கிக்கினு இந்த ஊட்டுக்கு எப்பிடித் திரும்பி வருவேன்?" என்றாள். பிழைத்து வந்தாலும் பாதிப் பெண் என்று வாசலில் நிறுத்துவார்கள். அவளுக்கு உயிரும் வேண்டும், வீடும் வேண்டும். இரண்டையும் கேட்பது அதிக ஆசையா? அவளுக்கு அடுத்து வருகிறவள் எந்தப் பொய் சத்தியம் பண்ணுவாள்?

இதை எழுதுமுன் தனபாக்கியத்திடம் கேட்டேன். குளத்தில் துணி துவைக்கிற சாக்கில் போய், அவர்கள் வீட்டுக் கொல்லையில் ரகசியமாகக் கேட்டேன். அவள் மடியில் பிள்ளை. அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "எழுதுங்க அக்கா. என் பேரையும் சேர்த்தே எழுதுங்க. இவன் வளர்ந்து யார்கிட்டயோ கேட்டுத் தெரிஞ்சுக்கறதுக்குப் பதிலா, அவங்க தாத்தாவே சொல்லட்டும்." சொல்லிவிட்டு, "அந்த மாட்டோட முப்பாட்டனையும் விட்டுடாதீங்க" என்றாள். விடவில்லை.

மணியக்காரரே, உங்களைத்தான் கேட்கிறேன். புரட்டாசி கடைசி வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் வாசலில் ஊர் கூடும். கன்னியம்மாவின் மாமனாரையும் வரச் சொல்லியிருக்கிறேன். ஆடியில் நீங்கள் நின்ற அதே இடத்தில் நில்லுங்கள். உங்கள் பேரனைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். நானும் என் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். ஒரே நாளில் பிறந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைப்போம். பிறகு எல்லார் காதிலும் விழும்படி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

உங்கள் பேரன் எப்படிப் பிறந்தான்?